ஸ்பிண்டிலுக்குப் பின்னால் இருக்கிறது பார் ஃபீடரின் கணக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் காட்பாடி சிட்கோவிலும் சின்ன டர்னிங் ஷெட் (லேத்தில் கம்பியைக் கடையும் பட்டறை) நடத்துபவர்கள், லேத்துக்குக் கம்பியை ஊட்டும் பார் ஃபீடர் என்றதும் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, நம்ம கன்ட்ரோலுக்கு (லேத்தை ஓட்டும் கணினிக்கு) ஒத்துவருமா என்பார்கள். இரண்டுக்கும் விற்பனைக்காரர் பதில் தயாராக வைத்திருப்பார். கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை: நாம் வாங்கும் கம்பி எவ்வளவு நேராக இருக்கிறது? ஃபீடர் வந்தபின் வரும் தலைவலிகளில் பாதிக்குமேல் புரோகிராமில் பிறப்பதில்லை. கம்பியைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள் பிறக்கின்றன.

பழைய வடார்க்காட்டின் இந்தப் பகுதியில் இயந்திரத் தொழில் வளர்ந்த விதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சிப்காட் நிறுவனம் 1971-இல் உருவானது. ராணிப்பேட்டை அதன் தொடக்ககால வளாகங்களில் ஒன்று. பிறகு பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை வந்தது. அதைச் சுற்றி முளைத்த ஷெட்களில் வெல்டிங்கும் ஃபேப்ரிகேஷனும்தான் பிரதானம். லேத் வேலை என்றால் பராமரிப்பு வேலை. தோல் ஆலை டிரம்முக்கு ஷாஃப்ட், ரோலருக்கு புஷ் என்று ஒன்றிரண்டாக வரும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வண்டித் தொழிற்சாலைகள் பெருகியபின் ஆர்டரின் தன்மை மாறியது. ஸ்பேசர், பின், நிப்பிள், புஷ் என்று சின்னச் சின்ன உருப்படிகள், ஆயிரக்கணக்கில், மாதாமாதம் ஒரே டிராயிங்கில் வர ஆரம்பித்தன. கம்பியை முன்கூட்டியே துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் கதவைத் திறந்து, சக்கில் (லேத்தின் பிடிப்பில்) வைத்து, மறுபடி மூடும் பழக்கம் இந்த எண்ணிக்கைக்குக் கட்டுபடியாகாது. பார் ஃபீடர் தேவைப்படுவது அங்கேதான்.

மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. மிக எளியது பார் புல்லர். டூல்களைத் தாங்கும் டர்ரெட்டில் ஒரு ஸ்டேஷனில் ஸ்பிரிங் தாடையுள்ள ஒரு பிடிப்பானை மாட்டிவிட்டால், அது கம்பியின் நுனியைக் கவ்வி வெளியே இழுக்கும். கம்பியைத் தானாக மாற்றித் தராது. அடுத்தது ஷார்ட் லோடர் அல்லது மேகஸின். ஸ்பிண்டில் நீளத்துக்குள் அடங்கும்படி, சுமார் ஒரு மீட்டருக்கு வெட்டிய கம்பிகளை மேலே அடுக்கி வைத்தால், ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைத் தானே உள்ளே தள்ளும். மூன்றாவது, 3 மீட்டர் கம்பியை வெட்டாமல் அப்படியே விழுங்கும் நீள ஃபீடர். அதன் குழாயில் எண்ணெய் நிரம்பியிருக்கும். கம்பி சுழலும்போது எண்ணெய்ப் படலமே அதை நடுவில் தாங்கும். எல்என்எஸ், ஐம்கா, எஃப்எம்பி போன்ற பெயர்களை இந்தத் துறையில் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்.

எது லாபம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 மிமீ விட்டமுள்ள இஎன்8 எஃகுக் கம்பியில் 32 மிமீ நீளமுள்ள புஷ். உருப்படியை அறுத்துப் பிரிக்கும் பார்ட்டிங் இன்சர்ட்டின் (வெட்டும் முனையின்) அகலம் 3 மிமீ, முகத்தைச் சீவ 0.5 மிமீ. ஒவ்வொரு முறையும் கம்பி வெளியே வரவேண்டிய தூரம் 35.5 மிமீ. 3 மீட்டர் கம்பியில் கடைசியாக 150 மிமீ மிச்சம் விழுகிறது என்று வைத்தால் 80 உருப்படி. அதே கம்பியை ஒரு மீட்டர் வீதம் மூன்று துண்டுகளாக்கி ஷார்ட் லோடரில் போட்டால், துண்டுக்கு 90 மிமீ மிச்சம் போக 25 வீதம் 75. ஆக, நீள ஃபீடர் கம்பிக்கு 5 உருப்படி கூடத் தருகிறது. இதைத்தான் விற்பனைக்காரர் காட்டுவார். அவர் காட்டாத ஒன்று உண்டு. 80 உருப்படிக்கு 3 மிமீ வீதம் 240 மிமீ கம்பி பார்ட்டிங் சுருளாகவே போகிறது. எல்லோரும் கவலைப்படும் மிச்சத் துண்டைவிட இது அதிகம். 2 மிமீ இன்சர்ட்டுக்கு மாறினால் அதே கம்பியில் 82 கிடைக்கும், ஃபீடரே மாற்றாமல். 25 மிமீ விட்டத்தில் 2 மிமீ இன்சர்ட் தாங்க வேண்டுமானால் கூலண்ட் சரியாகப் பாயவேண்டும், டூல் சென்டரில் சுத்தமாக உட்காரவேண்டும். அந்தச் சிரமம் செலவில்லாத சிரமம்.

இனி குழாய்க்குள் போவோம். சுழலும் கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபத்தான வேகம் உண்டு. அந்த வேகத்தை நெருங்கும்போது நடுவில் வில்லாக வளைந்து சாட்டை போல வீச ஆரம்பிக்கும். விட்டம் கூடினால் அந்த வேகம் அதே விகிதத்தில் கூடும். தாங்கல்களுக்கு இடையிலான நீளம் இரட்டித்தால் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். இரண்டு முனையில் மட்டும் தாங்கப்பட்ட ஒரு மீட்டர் எஃகுக் கம்பி 12 மிமீ விட்டமென்றால் ஏறக்குறைய 1450 ஆர்பிஎம்மில் அந்த எல்லையைத் தொடும். 25 மிமீ என்றால் சுமார் 3000. வெட்டு என்ன கேட்கிறது என்று பாருங்கள். 12 மிமீ கம்பியை நிமிஷத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் வெட்டவேண்டுமானால் 5300 ஆர்பிஎம் வேண்டும். இன்சர்ட் தாங்கும், ஸ்பிண்டில் தாங்கும், கம்பி தாங்காது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் லைனர். ஸ்பிண்டில் துவாரத்துக்கும் கம்பிக்கும் நடுவே, கம்பியைவிட அரை மிமீ முதல் ஒரு மிமீ வரை மட்டும் பெரிதான உள்விட்டத்தோடு ஒரு குழாய், அல்லது ஒரு தண்டில் கோர்த்த நைலான் வளையங்கள். கால் மீட்டருக்கு ஒரு தாங்கல் கிடைத்தாலே அந்த ஒரு மீட்டர்க் கம்பியின் ஆபத்து வேகம் பதினாறு மடங்கு தள்ளிப் போகும். ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி லைனர் வேண்டும். கொட்டேஷனில் இது கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நம் ஊர் ஷெட்களில் 20 மிமீக்கு வாங்கிய லைனரிலேயே 14 மிமீயையும் ஓட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. ஓடும். ஆனால் ஃபினிஷில் ஒரு நடுக்கம் தெரியும். உடனே யாராவது, "அண்ணே, இன்சர்ட்ட மாத்திப் பாருங்க" என்பார். மாற்றுவார்கள். கம்பி அதற்குள் பாதி தீர்ந்திருக்கும், நடுக்கமும் போயிருக்கும். இன்சர்ட்டால் சரியானது என்று எழுதி வைப்பார்கள். அடுத்த கம்பி ஏறியதும் நடுக்கம் திரும்ப வரும். புதுக்கம்பியில் மோசமாகவும் பாதிக்குப் பிறகு சுத்தமாகவும் வெட்டு வந்தால், கோளாறு டூலில் இல்லை. லைனரையும் கம்பியின் நேர்த்தியையும்தான் பார்க்கவேண்டும்.

லைனரைச் சொந்தமாகவே கடைந்துகொள்ளலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நைலான் வளையத்தின் உள்விட்டமும் வெளிவிட்டமும் ஒரே மையத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் லைனரே அதிர்வைக் கொண்டுவரும்.

கம்பிக்கு வருவோம். மேகஸினில் ஓடும் கம்பி மீட்டருக்கு அரை மிமீக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். தட்டையான மேஜையில் உருட்டிப் பார்த்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைத்தாலே தெரிந்துவிடும். லாரியிலிருந்து இறக்கும்போது இரண்டு பேர் நுனிகளை மட்டும் பிடித்துத் தொப்பென்று போடும் கம்பி, மில்லிலிருந்து எவ்வளவு நேராக வந்திருந்தாலும் பயனில்லை. விட்ட அளவும் முக்கியம். பிரைட் பாரில் (மேற்பரப்பு சுத்தமாக்கிய கம்பியில்) 25 மிமீக்கு எச்9 அளவு வகுப்பு என்றால் குறைவதற்கு 52 மைக்ரான் வரைதான் இடம். எச்11 என்றால் 130 மைக்ரான். கம்பியைச் சுற்றிக் கவ்வும் கோலெட் பிடிக்கும் வீச்சு குறுகியது. கம்பிக்குக் கம்பி அளவு ஆடினால் பிடிமானமும் ஆடும், உருப்படி நீளமும் ஆடும். பர்சேஸ் ஆர்டரில் "25 மிமீ பிரைட் பார்" என்று மட்டும் எழுதுபவர்கள் எச்9 என்று இரண்டு எழுத்து சேர்த்தால் போதும். இரண்டு முனையிலும் சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) வேண்டும். ஹாக்சா பிசிறோடு உள்ளே போகும் கம்பி லைனரைச் சுரண்டும். நீள ஃபீடரில் தள்ளும் தண்டின் விரல்கள் வாலைக் கவ்வ முடியாமல் அலாரம் அடிக்கும். துருப்பிடிக்காமல் பூசிய எண்ணெயில் ரோட்டுத் தூசி ஒட்டியிருக்கும். துடைத்துப் போடுங்கள்.

பொருத்தும் வேலையில் முக்கால்வாசி நேர்கோடு பிடிப்பதுதான். முதலில் லேத்தின் லெவலைச் சரிபார்க்கவேண்டும். ஆடும் மெஷினுக்கு நேராக ஃபீடரை வைப்பதில் அர்த்தமில்லை. பிறகு ஸ்பிண்டில் மையத்தின் வழியே ஃபீடரின் பின்முனை வரை ஒரு நைலான் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, உயரத்தையும் பக்கவாட்டையும் பார்க்கலாம். லேசர் இருந்தால் வேலை விரைவாக முடியும். கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து இறுக்கியபின் மறுபடியும் ஒருமுறை பார்க்கவேண்டும், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும். நீள ஃபீடருக்கு லேத்தின் இடப்பக்கம் இன்னும் நான்கு மீட்டர் இடம் வேண்டும் என்பதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். சுவரை இடித்து ஃபீடருக்கு வழிவிட்ட ஷெட்கள் உண்டு.

வயரிங்கில் ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. ஃபீடரின் எமர்ஜென்சி ஸ்டாப் லேத்தையும், லேத்தினுடையது ஃபீடரையும் நேர்வயரில் நிறுத்தவேண்டும். ஃபீடர் விலகியிருந்தாலோ மூடி திறந்திருந்தாலோ ஸ்பிண்டில் சுற்றக் கூடாது. அவசரத்துக்கு என்று இந்த இன்டர்லாக்கை ஜம்பர் வயர் போட்டுத் தவிர்த்து ஓட்டுவது விளையாட்டு விஷயமில்லை. ஒரு முனையை மட்டும் பிடித்திருக்க, மறுமுனை ஸ்பிண்டிலுக்குப் பின்னால் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் ஆபத்து வேகம், இரண்டு பக்கமும் தாங்கப்பட்டதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வேகம் ஏறும்போது அது செங்கோணத்தில் மடங்கிச் சுழலும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அதிர்ஷ்டம். ஷார்ட் லோடரோ புல்லரோ, முழுக்கம்பியும் ஸ்பிண்டிலுக்குள் அடங்கியிருக்கவேண்டும். ஒரு விரல்கடை நீட்டினாலும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.

கோலெட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பின்னால் இழுத்துப் பிடிக்கும் வகை, பிடிக்கும்போது கம்பியையும் சற்று பின்னால் கூட்டிப்போகும். நீளம் கொஞ்சம் குறையும், அதற்குத்தான் முகச்சீவலில் இடம் விடுகிறோம். டெட் லெங்த் வகையில் கம்பி நகராது; துல்லிய நீளம் கேட்கும் உருப்படிக்கு அதுதான் சரி. ஆறுபட்டைக் கம்பி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கவனம்: புதுக்கம்பி நுழையும்போது அதன் பட்டையும் கோலெட்டின் பட்டையும் பொருந்தவேண்டும். ஸ்பிண்டிலை மெதுவாகச் சுற்றவிட்டுக்கொண்டே தள்ளினால் தானே உட்கார்ந்துகொள்ளும்.

புரோகிராம் எழுதுவது, இத்தனையும் சரியாக இருந்தால், அவ்வளவு பெரிய வித்தை இல்லை. வரிசை இதுதான்: பார்ட்டிங் முடிந்தது, ஸ்பிண்டில் நின்றது, கோலெட் திறந்தது, கம்பி வந்தது, கோலெட் மூடியது, டர்ரெட் விலகியது. எந்த எம் கோடு (மெஷினின் துணை வேலைகளுக்கான கட்டளை) கோலெட்டைத் திறக்கும் என்பதை மெஷின் செய்தவர்தான் முடிவு செய்கிறார். ஃபனுக் கன்ட்ரோலுள்ள பல லேத்களில் எம்68 பிடிக்கும், எம்69 விடும். ஹாஸ் லேத்தில் எம்10-உம் எம்11-உம். பக்கத்து ஷெட் புரோகிராமைப் பென் டிரைவில் வாங்கி அப்படியே ஓட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். திறந்தபின்னும் மூடியபின்னும் ஜி04 போட்டு ஒரு விநாடி நிற்கவிடுங்கள். கோலெட் மூடிவிட்டது என்று உறுதிசெய்யும் ஸ்விட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

புல்லர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஜி98, ஜி99. டர்னிங்கில் ஃபீட் (டூல் நகரும் அளவு) சுற்றுக்கு இத்தனை மிமீ என்று ஜி99-இல் ஓடுகிறது. கம்பியை இழுக்கும்போது ஸ்பிண்டில் நின்றிருக்கிறது. சுற்றே இல்லாதபோது சுற்றுக்கு இத்தனை என்றால் டர்ரெட் அசையாமல் நிற்கும். அதனால் ஜி98-க்கு மாறி நிமிஷத்துக்கு 1500 மிமீ என்று இழுக்கிறோம். இழுத்து முடித்ததும் ஜி99-க்குத் திரும்ப மறந்தால், அடுத்த வரியில் இருக்கும் 0.15 என்பது நிமிஷத்துக்கு 0.15 மிமீ ஆகிவிடும். மெஷின் ஹேங் ஆகிவிட்டது என்று சர்வீஸ் ஆளுக்கு போன் போகும். இழுக்கும் பகுதியைத் தனி சப் புரோகிராமாக எழுதி, அதன் கடைசி வரியிலேயே ஜி99-ஐ வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

காற்றழுத்தத்தில் தள்ளும் ஃபீடரில் டர்ரெட்டில் ஒரு ஸ்டாப் வைத்து அதில் மோதவிடுவது வழக்கம். வேகமாக மோதும் கம்பி கொஞ்சம் எகிறித் திரும்பும், நீளம் மாறும். ஸ்டாப்பை முதலில் கம்பி முகத்துக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்தி, கோலெட்டைத் திறந்து, கம்பி அதில் சாய்ந்தபின் ஸ்டாப்பை நிதானமான ஃபீடில் வெளியே நகர்த்தினால் கம்பி கூடவே வரும், மோதலே இல்லை. சர்வோ தள்ளும் ஃபீடர்களுக்கு இது தேவைப்படாது. நீளத்தை அவையே அளந்து தள்ளும்.

வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 போட்டு முகம் சீவும்போது டூல் மையத்தை நெருங்க நெருங்க ஸ்பிண்டில் வேகம் எகிறும். சக்கில் வைத்த துண்டுக்கு அது பிரச்சினையில்லை. பின்னால் ஒரு மீட்டர்க் கம்பி இருக்கும்போது அதுதான் பிரச்சினை. ஜி50-இல் உச்ச வேகம் கொடுக்காத பார் ஃபீடர் புரோகிராமை ஓட்டவே கூடாது. சீமென்ஸ் கன்ட்ரோலில் அதற்கு லிம்ஸ். எவ்வளவு கொடுப்பது என்பதை ஸ்பிண்டிலின் உச்சத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழு நீளக் கம்பியைப் போட்டு, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, மெஷின் உடம்பில் கை வைத்துப் பார்த்து, அதிர்வு தொடங்கும் வேகத்துக்கு நன்றாகக் கீழே நிறுத்துங்கள்.

கம்பி முடிந்தது என்பதை லேத்துக்கு எப்படித் தெரிவிப்பது? மேகஸின் ஃபீடரில் உருப்படி நீளம், முகச்சீவல், பார்ட்டிங் அகலம், மிச்சத்தின் குறைந்தபட்ச நீளம் ஆகியவற்றைக் கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு தள்ளலுக்கும் முன் இன்னொரு உருப்படிக்குப் போதுமா என்று அது கணக்குப் பார்க்கும். போதாது என்றால் ஒரு சிக்னல் தரும். பல மெஷின்களில் அந்த சிக்னல் பிளாக் ஸ்கிப்பை (சில வரிகளைத் தாண்டவைக்கும் வசதியை) மாற்றும், அல்லது ஃபனுக்கில் #1000 வரிசை உள்ளீட்டில் தெரியும். புரோகிராம் அதைப் பார்த்துப் புதுக்கம்பி ஏற்றும் பகுதிக்குத் தாவும். புதுக்கம்பியின் முதல் முகம் ஹாக்சா முகம். அதற்குக் கூடுதலாகச் சீவவோ, நுனியை பார்ட்டிங் செய்து தள்ளவோ தனி வரிகள் வேண்டும். உருப்படியை ஏந்தும் பார்ட்ஸ் கேட்சர் அந்த நேரத்தில் வெளியே வராமலிருப்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். ஷார்ட் லோடரில் பழைய மிச்சத்தைப் புதுக்கம்பிதான் முன்னால் தள்ளி விழவைக்கும். கேட்சர் நீட்டியிருந்தால் மிச்சத் துண்டு நல்ல உருப்படிகளோடு பெட்டியில் கலந்து ஒரகடம் வரை போய்ச்சேரும்.

மிச்சத்தின் நீளத்தைக் குறைத்து லாபம் பார்க்க எல்லோருக்கும் ஆசை. கோலெட் முழு நீளமும் பிடிக்க எவ்வளவு வேண்டுமோ அதற்குக் கீழே போகாதீர்கள். கால்வாசிப் பிடியில் இருக்கும் துண்டு வெட்டு விசையில் கழன்று கதவுக் கண்ணாடியில் வந்து அடிக்கும். 25 மிமீ கம்பி மீட்டருக்கு 3.86 கிலோ, மிச்சத்தில் 20 மிமீ குறைத்தால் கம்பிக்கு 77 கிராம் மிஞ்சும்.

புல்லருக்குக் கம்பி முடிவது தெரியாது. அதற்கு ஒரு கவுண்டர் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு கம்பிக்கு 25 என்றால் 25 முடிந்ததும் நிற்கும். எண்ணிக்கையை ஃபனுக்கின் #100 வரிசை நினைவிடத்தில் வைத்தால் கரன்ட் போனதும் அழிந்துவிடும், #500 வரிசையில் வைத்தால் நிற்கும். கத்திரி வெயிலில் மதியம் கரன்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இது சின்ன விஷயமில்லை. வெட்டிய கம்பிகள் ஒன்றுபோல் இருக்காது. இருப்பதிலேயே குட்டையானதை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதே வெயிலில் நீள ஃபீடரின் எண்ணெய் இளகும் என்பதும் நினைவிலிருக்கட்டும். குழாயில் கம்பியைத் தாங்குவது அந்த எண்ணெய்தான். தயாரிப்பாளர் சொன்ன பிசுபிசுப்பு எண் இல்லாத மலிவு எண்ணெயை ஊற்றினால், காலையில் அமைதியாக ஓடியது மதியம் உறுமும்.

என் அபிப்பிராயத்தில், மாதம் பத்து விதமான டிராயிங், விதத்துக்கு ஐந்நூறு உருப்படி என்று ஓடும் ஷெட்டுக்கு நீள ஃபீடர் வீண்பெருமை. குழாய், லைனர், தள்ளும் தண்டின் விரல்கள் என்று விட்டம் மாறும்போதெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பதிலேயே ஷிப்ட் போய்விடும். அங்கே புல்லர் போதும். உருப்படிக்கு 45 விநாடி என்றால் ஒரு மீட்டர்க் கம்பி கிட்டத்தட்ட 19 நிமிஷம் ஓடும். ஒரு ஆள் இரண்டு மெஷினைத் தாராளமாகப் பார்க்கலாம். இரண்டு மூன்று விட்டம் மட்டும், ஆனால் எண்ணிக்கை அதிகம் என்றால் ஷார்ட் லோடர். ஒரே விட்டம், ஒரே உருப்படி, வருஷம் முழுக்க என்றால் மட்டும் 3 மீட்டர் ஃபீடரைப் பற்றி யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் டிரையலை ஷோரூம் கம்பியில் பார்க்காதீர்கள். உங்கள் ஷெட்டில் கிடக்கும் கம்பியை, அதிலும் இருப்பதிலேயே மெல்லியதை, முழு நீளத்தில் கொண்டுபோங்கள். உங்கள் புரோகிராமில் உள்ள உச்ச வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். கம்பி முடிந்து அடுத்த கம்பி ஏறி, அதன் முதல் உருப்படி விழும்வரை அங்கேயே நில்லுங்கள். அந்த உருப்படியின் நீளத்தை நீங்களே வெர்னியரில் அளந்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கவேண்டும்.